ஒலிம்பியாவில் ஒலித்த பெயர்: கிரேக்கக் கூட்டணிகளும் தேர்ப்பந்தயமும்

'லீக்' என்னும் சொல் தமிழுக்குள் இரு வாயில்களின் வழியாகப் புகுந்தது. ஒன்று அரசியல், மற்றொன்று விளையாட்டு. முஸ்லிம் லீக் என்னும் கட்சிப் பெயரிலும், 'லீக் ஆட்டம்', 'லீக் சுற்று' என்னும் நாளிதழ்த் தொடர்களிலும் அது மொழிபெயர்க்கப்படாமலேயே நிலைத்துவிட்டது. முதல் உலகப்போருக்குப் பின் தோன்றிய உலக அமைப்பைக் குறிக்கும்போது மட்டும் 'சர்வதேச சங்கம்', 'பன்னாட்டுச் சங்கம்' என்றெல்லாம் பெயர்க்கப்பட்டது. கட்டுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பிறந்த இச்சொல்லைக் கொண்டுதான் ஐரோப்பிய வரலாற்றாசிரியர்கள் பண்டைக் கிரேக்கத்தின் அரசியல் அமைப்புகளுக்கும் பெயரிட்டனர். டெலோஸ் கூட்டணி, பெலொப்பொனீசக் கூட்டணி எனத் தமிழ்ப் பாடநூல்களில் காணப்படுவன அவ்வாறு வந்தவையே.

இப்பெயர்களைப் பண்டைக் கிரேக்கர் அறியார். டெலோஸ் கூட்டணி எனப்படுவது அவர்தம் வழக்கில் 'ஏதெனியரும் உடன்போராளியரும்'. பெலொப்பொனீசக் கூட்டணி எனப்படுவது 'லாக்கெடைமோனியரும் உடன்போராளியரும்'. அமைப்புக்கெனத் தனிப்பெயர் இல்லை. உறுப்பினரின் பெயர்வரிசையே அமைப்பின் பெயராக நின்றது. சூளுரைத்தவர் யார், எப்பெயரால் சூளுரைத்தார் என்பதே அதன் இருப்புக்குச் சான்று. ஆகவே, ஒரு பெயரை ஒரு பட்டியலில் சேர்ப்பதும், நீக்குவதும், மாற்றுவதும் அரசியற் செயல்களாயின. இவ்வுண்மை மிகத் தெளிவாக வெளிப்படும் இடங்களுள் ஒன்று, கி.மு. 420-ஆம் ஆண்டு ஒலிம்பியாவில் நடந்த நான்கு குதிரைத் தேர்ப்பந்தயம்.

ஒலிம்பியாவும் உடன்படிக்கைகளும்

ஒலிம்பியா விளையாட்டிடம் மட்டுமன்று. சேயுஸ் கோயிலைச் சூழ்ந்த உடன்படிக்கைக் களரியுமாகும். இங்குக் கிடைத்து, இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு சிறு வெண்கலத் தகடு, கி.மு. 500-ஐ ஒட்டிய காலத்தது. எலிஸ் நாட்டினருக்கும் மற்றொரு சமூகத்தினருக்கும் இடையே நூறாண்டுக் கூட்டுறவை அது அறிவிக்கிறது. மீறுவோர் ஒலிம்பிய சேயுஸுக்கு ஒரு தாலந்து வெள்ளி செலுத்த வேண்டும் என்கிறது. மற்றச் சமூகம் எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஹெராயா நகரத்தார் என்று முன்னையோர் படித்தனர்; ஏவாவோயர் என்னும் அறியப்படாத மக்கள் எனப் பின்னையோர் படித்தனர். ஓர் எழுத்தின் வாசிப்பில் ஒரு கூட்டாளியே மாறிவிடுகிறார். இத்தகட்டின் மொழியும் கருதத்தக்கது. ஏனைய வட்டாரங்கள் பலவற்றில் மறைந்த வகரத்தை எலிஸ் வழக்கு காத்து நிற்கிறது; சொல்லிறுதி ஸகரம் சிலவிடங்களில் ரகரமாகத் திரிகிறது. உடன்படிக்கையைக் குறிக்க அது ஆளும் சொல் 'வ்ராத்ரா'. பேசுதல் என்னும் வேரிலிருந்து பிறந்தது. பேச்சாளனைக் குறிக்கும் 'ரேத்தோர்' என்பதும் அவ்வேரினதே. ஆக, உடன்படிக்கை என்பது அடிப்படையில் 'சொல்லப்பட்டது'.

கி.மு. 421-இல் ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் செய்துகொண்ட அமைதி உடன்படிக்கையின் கல் நாட்டப்பட வேண்டிய இடங்களாக ஒலிம்பியா, டெல்பி, இஸ்த்மஸ் ஆகியன முதலிற் குறிக்கப்பட்டன. மூன்றும் பெருவிளையாட்டுகள் நடந்த இடங்கள் என்பது நோக்கத்தக்கது. அடுத்த ஆண்டு ஏதென்ஸ், ஆர்கோஸ், மாண்டினியா, எலிஸ் என்னும் நான்கும் நூறாண்டுக் கூட்டணி ஒன்று செய்தன. அதன் வாசகத்தைத் தூசிடிடீஸ் தம் வரலாற்றில் முழுமையாகத் தருகிறார். அதன் ஏதெனியக் கல்லின் ஒரு துண்டு 19-ஆம் நூற்றாண்டில் அக்ரொப்பொலிஸ் பகுதியில் கிடைத்தது. நூலின் பாடத்துக்கும் கல்லின் பாடத்துக்கும் இடையே சொல்லளவில் சிறு வேறுபாடுகள் உள்ளன, கருத்து மாறவில்லை. மூலபாட ஆய்வாளர்க்கு இவ்வொப்பீடு அரிதாகக் கிட்டும் பேறு எனலாம்.

இக்கூட்டணியின் விதிகள் நுணுக்கமானவை. உதவிக்கு வரும் படைக்கு அனுப்பும் நகரம் 30 நாள் உணவு தரவேண்டும். அதற்கு மேல் அழைத்த நகரம் காலாள் ஒருவனுக்கு நாளொன்றுக்கு 3 ஓபொல், குதிரைவீரனுக்கு ஒரு திராக்மா வழங்க வேண்டும். எந்நிலத்தில் போர் நடக்கிறதோ அந்நிலத்தாரே தலைமை ஏற்பர். சூளுரையைப் புதுப்பிக்கும் நாளும் குறிக்கப்பட்டுள்ளது: ஏதெனியர் ஒலிம்பிக் விழாவுக்கு 30 நாள் முன்னர் மற்ற மூன்று நகரங்களுக்கும் செல்ல வேண்டும், அந்நகரத்தார் பெரும் பனத்தெனைய விழாவுக்குப் பத்து நாள் முன்னர் ஏதென்ஸுக்கு வரவேண்டும். பந்தய நாட்காட்டியே கூட்டணியின் நாட்காட்டியாகவும் பயன்பட்டது.

இங்கு வழங்கும் சொற்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்குத் தரும் இடர்ப்பாட்டைச் சற்றே நின்று காணவேண்டும். 'சிம்மாக்கியா' என்பது 'உடன்' என்னும் முன்னொட்டும் 'போர்' என்னும் பெயரும் சேர்ந்தது. தமிழில் 'கூட்டணி' இதற்கு வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது. அதிலுள்ள 'அணி' படையின் அணிவகுப்பையும் நினைவூட்டும். தேர்தற் செய்திகளில் தேய்ந்துபோன பின்னரும் அச்சொல்லின் அடியில் போர்க்களம் இருக்கிறது. ஆனால் 'எபிமாக்கியா' என மற்றொன்றும் உண்டு. கி.மு. 433-இல் கொர்க்கிராவுடன் ஏதென்ஸ் செய்துகொண்டது சிம்மாக்கியா அன்று, எபிமாக்கியா என்று தூசிடிடீஸே விளக்குகிறார். முன்னதைச் செய்திருந்தால் கொர்க்கிரா அழைக்கும்போது கொரிந்தின் மேல் படையெடுக்க நேர்ந்து, ஸ்பார்ட்டாவுடன் இருந்த உடன்படிக்கை முறிந்திருக்கும். பின்னது, தாக்கப்பட்டால் காப்பது என்ற அளவில் நிற்பது. இரண்டையும் 'கூட்டணி' என்றே பெயர்க்கும் மொழிபெயர்ப்பில் பெலொப்பொனீசப் போரின் தோற்றுவாயே மங்கிவிடும். 'காப்புறவு' என்பது போன்ற ஒரு சொல்லேனும் இங்கு வேண்டப்படுகிறது.

'ஸ்பொண்டாய்' என்பது நீர்மமாகப் படைக்கும் படையல். அதை ஊற்றிச் செய்யும் போர்நிறுத்தத்துக்கும் உடன்படிக்கைக்கும் அதுவே பெயராயிற்று. தமிழில் நீர்வார்த்துக் கொடுத்தல், தாரைவார்த்தல் என்னும் வழக்குகள் நினைவுக்கு வரலாம். ஆயினும் அவை மீளாக் கொடையைக் குறிப்பன. ஸ்பொண்டாய் பெரும்பாலும் ஆண்டெல்லை உடையது. ஒப்புமை கவர்ச்சியானது, கைவிடத்தக்கது. ஒலிம்பிக் போர்நிறுத்தத்துக்குரிய 'எக்கெக்கெய்ரியா' என்பதோ 'கைகளை அடக்கி வைத்தல்' என்னும் பொருளது. அமைதி என்று பெயர்த்தால் மிகை. போர் எங்கும் நின்றுவிடவில்லை, எலிஸின் நிலத்தின் மேலும் விழாவுக்கு வருவோர் மேலும் கை ஓங்கக் கூடாது என்பதே அதன் எல்லை.

பெயரிடும் அரசியலுக்கு ஏதென்ஸே நல்ல சான்று. டெலோஸ் கூட்டணி கி.மு. 478-இல் தொடங்கியபோது உறுப்பு நகரங்கள் கொடுத்தது 'ஃபொரோஸ்', அதாவது 'கொண்டுவந்து தருவது'. முதல் மதிப்பீடு 460 தாலந்து என்பர். கருவூலம் கி.மு. 454-இல் ஏதென்ஸுக்கு மாறிய பின் அச்சொல் திறை என்னும் கசப்பேறியது. கி.மு. 377-இல் இரண்டாம் கூட்டணியை அமைத்தபோது ஏதெனியர் அச்சொல்லை விலக்கி 'சிண்டாக்ஸிஸ்' என்றனர். 'ஒருங்கு வைத்தல்' என்பது அதன் பொருள். மொழியியலார் தொடரியலுக்கு வழங்கும் சொல்லும் இதுவே. வசூல் என்னவோ தொடர்ந்தது.

தமிழக வரலாற்றிலும் இத்தகைய மொழிபெயர்ப்புச் சுமை ஒன்று உண்டு. காரவேலனின் ஹாதிகும்பா கல்வெட்டில் வரும் தமிழர் 'சங்காத' என்னும் தொடர், 'கூட்டணி' எனப் பெயர்க்கப்பட்டு மூவேந்தர் கூட்டணி என்னும் முடிவுக்கு இட்டுச்சென்றது. அதன் கால அளவையே 113 ஆண்டு என்று சிலரும் 1300 ஆண்டு என்று சிலரும் படித்துள்ளனர். சேர்க்கை, திரள் என்னும் பொதுப்பொருளுடைய சங்காதம், தமிழில் சங்காத்தமாகி வெறும் தோழமையைக் குறிக்கவும் வந்தது. சூளுரையும் விதியும் உள்ள ஓர் அமைப்பை அச்சொல் ஒன்றைக் கொண்டே நிறுவ இயலாது.

வெற்றியாளர் யார்?

ஒலிம்பிக் விழாவில் நான்கு குதிரைத் தேர்ப்பந்தயம் கி.மு. 680-இல் சேர்க்கப்பட்டதாக மரபு கூறும். தேர்கள் களத்தை 12 முறை சுற்ற வேண்டும். ஓட்டியவன் வெற்றியாளன் அல்லன். குதிரைகளுக்கு உரியவரே வெற்றியாளர். அதனால்தான் ஸ்பார்ட்டா அரசன் மகள் கினிஸ்கா கி.மு. 396-இலும் 392-இலும் வெற்றியாளராக அறிவிக்கப்பட்டாள். பந்தயம் முடிந்ததும் கட்டியக்காரன் வெற்றியாளரின் பெயர், தந்தை பெயர், நாட்டுப் பெயர் ஆகியவற்றை உரக்க அறிவிப்பான். அவ்வறிவிப்பே வெற்றியை வெற்றியாக்கியது. மொழியியலார் நிகழ்த்துகூற்று என்று குறிப்பனவற்றுள் இதனினும் தூய சான்று காண்பது கடினம்.

அறிவிக்கப்படும் பெயரை மாற்றிக்கொள்ளவும் முடிந்தது. அதற்கு விலையும் இருந்தது. க்ரோட்டோன் நகரத்து ஓட்டவீரன் அஸ்டிலோஸ் பின்னைய வெற்றிகளில் தன்னைச் சிரக்கூசனாக அறிவிக்கச் செய்தான். க்ரோட்டோனியர் அவன் வீட்டைச் சிறைச்சாலையாக்கினர், சிலையை வீழ்த்தினர் என்கிறார் பாசானியஸ். க்ரீட் தீவின் நெடுந்தொலை ஓட்டக்காரன் சோட்டாடீஸ் கி.மு. 384-இல் க்ரீட்டனாகவும் அடுத்த விழாவில் எபேசஸ் நகரத்தானாகவும் வென்றான். எபேசியர் பொருள் கொடுத்திருந்தனர். தாய்நாடு அவனை நாடுகடத்தியது.

ஹெரொடோட்டஸ் கூறும் கிமோனின் வரலாறு இன்னும் கூர்மையானது. பைசிஸ்டிராட்டோஸ் என்னும் ஏதெனியக் கொடுங்கோலனால் துரத்தப்பட்டிருந்த கிமோன், நாடிழந்த நிலையில் தேர்ப்பந்தயம் வென்றான். அடுத்த விழாவில் அதே குதிரைகள் மீண்டும் வென்றபோது வெற்றியைப் பைசிஸ்டிராட்டோஸின் பெயரில் அறிவிக்க விட்டுக்கொடுத்தான். அதற்கு ஈடாக நாடு திரும்பினான். அவன் திரும்பிய நிலையைக் குறிக்க ஹெரொடோட்டஸ் ஆளும் சொல் 'ஹிப்போஸ்பொண்டோஸ்': ஸ்பொண்டாயின் கீழ், அதாவது உடன்படிக்கைப் பாதுகாப்பில். பகை நகரங்களுக்கிடையே வழங்கும் சொல், ஒரு பந்தயப் பெயரின் கைம்மாற்றுக்கு இங்கு ஆளப்பட்டிருக்கிறது. அதே குதிரைகள் மூன்றாம் முறையும் வென்றன. கொடுங்கோலன் இறந்தபின் அவன் மக்கள் கிமோனை இரவில் ஆள் வைத்துக் கொன்றனர்.

கி.மு. 420

லெப்ரியோன் என்னும் சிற்றூர் பற்றி எலிஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் பழைய வழக்கு ஒன்று இருந்தது. ஒலிம்பிக் போர்நிறுத்தக் காலத்தில் ஸ்பார்ட்டா அங்குப் படை அனுப்பியது என்று எலிஸ் குற்றஞ்சாட்டி, வீரனுக்கு 2 மினா வீதம் 2000 மினா தண்டம் விதித்தது. ஸ்பார்ட்டா தந்த மறுமொழி மொழிநுட்பம் வாய்ந்தது: படை புறப்பட்டபோது போர்நிறுத்தம் ஸ்பார்ட்டாவில் இன்னும் அறிவிக்கப்படவில்லை, ஆகவே அது அவர்களைப் பொறுத்தவரை தொடங்கவில்லை. எலிஸ் சொன்னது: முதலில் நாங்கள் எங்களுக்குள் அறிவித்துக்கொள்கிறோம், அக்கணமே அது தொடங்கிவிட்டது. கூற்று நிறைவேறுவது சொல்லப்படும் இடத்திலா, கேட்கப்படும் இடத்திலா என்பதே வழக்கு. தம் பங்குத் தண்டத்தை விட்டுக்கொடுக்கவும், கடவுளுக்குரிய பங்கைத் தாமே செலுத்தவும் எலிஸ் முன்வந்தது. லெப்ரியோனை மட்டும் திருப்பித் தரவேண்டும் என்றது. ஸ்பார்ட்டா இணங்கவில்லை. கோயிலிலிருந்தும், வேள்வியிலிருந்தும், போட்டிகளிலிருந்தும் விலக்கப்பட்டது.

எலிஸ் இவ்வளவு துணிந்ததற்கு அவ்வாண்டுதான் செய்துகொண்ட நாற்கூட்டணி காரணம் என்பதில் ஐயமில்லை. விழாவின்போது ஸ்பார்ட்டா படையுடன் நுழையலாம் என அஞ்சி, எலிஸின் இளைஞர்கள் படைக்கலம் ஏந்திக் காவல் நின்றனர். ஆர்கோஸிலிருந்தும் மாண்டினியாவிலிருந்தும் ஆயிரவர் வீதம் வந்தனர். ஏதெனியக் குதிரைப்படையும் வந்தது.

அந்நிலையில் நான்கு குதிரைத் தேர்ப்பந்தயத்தில் வென்ற தேர் 'பொயோத்தியரின் பொதுத்தேர்' என அறிவிக்கப்பட்டது. அப்போது அர்க்கெசிலாஸின் மகன் லிக்காஸ் என்னும் ஸ்பார்ட்டர் களத்துள் சென்று தேரோட்டியின் தலையில் தலைமாலை சூட்டினார். தேர் தம்முடையது எனக் காட்டுவதற்காகவே அவர் அவ்வாறு செய்தார் என்கிறார் தூசிடிடீஸ். கட்டியக்காரனின் சொல்லைக் கையால் மறுத்த செயல் அது. கோல்தாங்கிய காவலர் பல்லாயிரவர் காண அவரை அடித்தனர். அச்சம் பெருகியது, ஆனால் ஸ்பார்ட்டா அசையவில்லை. விழா முடிந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், ஏதென்ஸை வென்ற பிறகு, ஸ்பார்ட்டா எலிஸின் மேல் படையெடுத்தது. அதற்குரிய காரணங்களைச் செனொபோன் அடுக்குகிறார்: நாற்கூட்டணியில் சேர்ந்தது, விழாவிலிருந்து விலக்கியது, லிக்காஸை அடித்தது. கூட்டணியும் பந்தயமும் அங்கே ஒரே குற்றப்பட்டியலில் வைக்கப்பட்டுள்ளன.

இந்நிகழ்ச்சிக்கு நான்காண்டுகளுக்குப் பின் அல்சிபியாடீஸ் ஒருவரே ஏழு தேர்களை விடுத்து முதல், இரண்டாம், நான்காம் இடங்களைப் பெற்றார். எபேசஸ் கூடாரம் தந்தது, கியோஸ் குதிரைத் தீவனம் தந்தது, லெஸ்போஸ் மது தந்தது என்கிறார் ப்ளூட்டார்க். ஏதென்ஸின் கூட்டணி நகரங்களே இவை.

பொயோத்தியரா, தீபரா?

வென்ற தேர் எப்பெயரில் அறிவிக்கப்பட்டது என்பதில் மூன்று நூல்களும் மூவேறு வகையில் கூறுகின்றன. தூசிடிடீஸ் 'பொயோத்தியரின் பொது' என்கிறார். லிக்காஸ் தேரைத் 'தீபருக்கு' ஒப்படைத்தார் என்று செனொபோன் எழுதுகிறார். ஆறு நூற்றாண்டு கழித்து எலிஸின் வெற்றியாளர் ஏட்டைப் பற்றிக் கூறும் பாசானியஸ், அதில் லிக்காஸ் பெயர் இல்லை, வென்றவராகத் 'தீபரின் மக்கள்' என்றே உள்ளது என்கிறார். பல மொழிபெயர்ப்புகளும் வரலாற்றுச் சுருக்கங்களும் இம்மூன்றையும் ஒன்றாக்கிவிடுகின்றன. அவ்வாறு செய்வது பிழை.

தீப்ஸ் ஒரு நகரம். பொயோத்தியர் என்பது அந்நகரம் தலைமை தாங்கிய கூட்டமைப்பு. கிரேக்கர் 'கொய்னோன்' என வழங்கியது. 1906-இல் எகிப்தின் ஒக்ஸிரிங்கஸில் கிடைத்த தாளேடு அதன் அமைப்பை விளக்குகிறது. நாடு 11 பிரிவுகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றும் ஒரு தலைவரையும், 60 அவையினரையும், ஏறக்குறைய 1000 காலாட்களையும், 100 குதிரைவீரரையும் தந்தது. தேரை அந்தக் கூட்டமைப்பின் உடைமையாகப் பதிவது என்றால், கூட்டமைப்பே ஒரு சட்ட ஆளாக ஒலிம்பியாவில் நின்றது என்று பொருள். ஆர்கோஸ் நகரத்தின் பொதுத்தேர் கி.மு. 472-இல் வென்றிருக்கிறது, ஆனால் அது ஒரு நகரம். லிக்காஸின் தேரோ பல நகரங்களின் கூட்டுப் பெயரில் ஓடியது. தமிழ் மொழிபெயர்ப்பில் இங்கொரு வழுக்கல் உண்டு. மக்களுக்கு உரியதாகிய 'டெமோசியோன்', பலர்க்கும் ஒப்பமுடிந்ததாகிய 'கொய்னோன்' ஆகிய இரண்டுக்கும் நம் வழக்கில் 'பொது' ஒன்றே கைகொடுக்கிறது. முன்னதைப் 'பொதுவுடைமை' எனலும் இயலாது. அச்சொல்லை வேறொரு கொள்கை எடுத்துக்கொண்டுவிட்டது.

தூசிடிடீஸ் எழுதியபோது அக்கூட்டமைப்பு வலிமையுடன் இருந்தது. செனொபோன் எழுதியபோது அப்பெயரே பூசலுக்குரியதாகிவிட்டது. அவரோ ஸ்பார்ட்டாவின் நண்பர். அவர் 'தீபர்' என்று எழுதியதைத் தற்செயல் எனக் கொள்ள வேண்டியதில்லை. கி.மு. 386-இல் பாரசீக அரசனின் அமைதியை ஏற்றுச் சூளுரைக்க வந்த தீபத் தூதர், பொயோத்தியர் அனைவர் சார்பிலும் சூளுரைப்போம் என்றனர். ஸ்பார்ட்டா அரசன் அகெசிலாவோஸ் ஒப்பவில்லை, படை திரட்டினான். தீபர் பணிந்தனர், கூட்டமைப்பு கலைந்தது.

கி.மு. 371-இல் ஸ்பார்ட்டாவில் மீண்டும் ஓர் அமைதி மாநாடு. தீபர் தம் பெயராலேயே சூளுரைத்தனர். மறுநாள் தூதர் திரும்பி வந்து, 'தீபர்' என எழுதப்பட்டதைப் 'பொயோத்தியர்' என மாற்றுமாறு கேட்டனர். சூளுரைத்ததை மாற்ற முடியாது, வேண்டுமானால் பட்டியலிலிருந்தே அவர்கள் பெயரை அடித்துவிடலாம் என்றான் அகெசிலாவோஸ். ப்ளூட்டார்க் கூறும் வடிவம் வேறு. அங்கு எபமினோண்டாஸ் எழுந்து, ஸ்பார்ட்டா தன் சூழ்நகரங்களை விடுவித்தால் தாமும் விடுவிப்பதாக வாதிடுகிறார். எவ்வடிவிலும் முடிவு ஒன்றே: தீபர் பெயர் நீக்கப்பட்டது. சுமார் இருபது நாளில் லியூக்ட்ராவில் போர் மூண்டது. அங்கிருந்த ஸ்பார்ட்டக் குடிமக்கள் 700 பேருள் 400 பேர் மாண்டனர். அரசன் கிளியோம்ப்ரோட்டோஸும் வீழ்ந்தான். இருநூற்றாண்டு ஓங்கியிருந்த ஸ்பார்ட்டாவின் மேலாண்மை மீளவில்லை.

இப்பின்னணியில், தூசிடிடீஸைத் தமிழாக்குவோர் 'பொயோத்தியர்' என்பதையும், செனொபோனைத் தமிழாக்குவோர் 'தீபர்' என்பதையும் அவ்வவ்வாறே வைத்தல் வேண்டும். தெளிவு கருதி ஒன்றாக்கல் கூடாது. வட்டார வழக்கின் நிலை இதனினும் கடினம். கி.மு. 418-இல் ஸ்பார்ட்டாவும் ஆர்கோஸும் செய்த உடன்படிக்கையைத் தூசிடிடீஸ் தம் அட்டிக் நடைக்கு மாற்றாமல் டோரிய வழக்கிலேயே தருகிறார். கிரேக்க வாசகர்க்கு அங்கு அயற்குரல் கேட்டது. மொழிபெயர்ப்புகளில் பெரும்பாலும் கேட்பதில்லை.

லிக்காஸ் ஒலிம்பியாவோடு மறைந்துவிடவில்லை. கி.மு. 412-இன் குளிர்காலத்தில் ஸ்பார்ட்டாவின் ஆலோசகருள் ஒருவராகச் சின்ன ஆசியாவுக்குச் சென்ற அவர், பாரசீக ஆளுநன் திஸ்ஸபெர்னீஸுடன் முன்னர்ச் செய்யப்பட்டிருந்த இரு உடன்படிக்கைகளையும் படித்துப் பார்த்துச் சினந்தார். அரசனும் அவன் முன்னோரும் ஆண்ட நிலமெல்லாம் அரசனுடையது என்னும் தொடரை அப்படியே கொண்டால், தீவுகளும், தெஸ்ஸலியும், பொயோத்தியா வரையுள்ள நிலமும் பாரசீகத்துக்கு உரியனவாகிவிடும் என்று சுட்டிக்காட்டினார். திஸ்ஸபெர்னீஸ் வெகுண்டு எழுந்து சென்றான். மூன்றாவதாக எழுதப்பட்ட உடன்படிக்கையில் அத்தொடர் 'ஆசியாவில் உள்ள அரசனின் நிலம்' எனச் சுருங்கியது. லிக்காஸ் பின்னர் மிலேட்டஸில் நோயுற்று இறந்தார். போர் முடியும்வரை ஆளுநனுக்கு அடங்கியிருங்கள் என்று அவர் சொன்னதற்காக, அங்கிருந்த ஸ்பார்ட்டர் விரும்பிய இடத்தில் அவரைப் புதைக்க மிலேட்டஸ் மக்கள் விடவில்லை.